நெல் முளைத்த டயர்

அந்தக் காரை யாரும் கார் என்று சொன்னதில்லை. அரசாங்கக் கச்சேரியில் என்னோடு வேலை செய்த கிளாக்கர்மார், "உங்கட சாமான் இண்டைக்கு ஓடுதா?" என்றுதான் கேட்பார்கள். புளியந்தீவுச் சந்தையில் மீன் விற்கிறவர்கள் அதன் சத்தம் கேட்டாலே கூடைகளை இழுத்து ஓரத்தில் வைத்துக்கொள்வார்கள். தென்னந்தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது தள்ளிவிட்டுப் போன கார் அது. நான் வாங்கிய அன்றைக்கே அதற்கு வயது போயிருந்தது. கித்தான் கூரையால் மழை ஒழுகும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால்தான் எஞ்சின் எழும்பும். சுற்றுகிறவன் கொஞ்சம் அசந்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். ஒரு தரம் எனக்கும் அடித்தது. வந்த ஆத்திரத்தில் முன் சில்லை ஓங்கி உதைத்தேன். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் பெருவிரல் நகம்தான் கழன்றது.

நான் கோபக்காரன். அதை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் "அதை வித்துத் தலைமுழுகு" என்று யார் சொன்னாலும் அந்த ஆளோடு பேச்சை நிறுத்திவிடுவேன். காரணம் என் மகள்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்த்தான் இருக்க வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது. அவளுக்குப் பிறகு அது அவள் மகளுக்கு. பிள்ளைகளும் தாயின் குடியைச் சேர்ந்தவர்கள், தகப்பனுடைய குடி வேறு. நானும் அப்படித்தான் ஆரையம்பதிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் நடுவில், வாவியோரக் கிராமம் ஒன்றில், என் மனைவியின் வீட்டில் இருந்தேன். காரை வாங்கியதே அங்கிருந்து கச்சேரிக்குப் போய் வரத்தான். மலேரியாக் காய்ச்சல் ஊரூராகச் சாய்த்த காலத்தில் அவள் போய்விட்டாள். மகளுக்கு அப்போது வாய்ப்பேச்சுக்கூடச் சரியாகத் திருந்தவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த கையோடு மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள் முறை, தன் புருஷனோடு பிள்ளையைப் பார்க்க அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்ல மனுசி. என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மனைவி இல்லாத வீட்டில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை? ஒரு நாள் என் சட்டைகளெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் அடுக்கியிருந்ததைக் கண்டேன். யார் மடித்தது என்று நான் கேட்கவில்லை. பெட்டியைக் காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு புளியந்தீவுக்கு வந்து, வாவியைப் பார்த்தபடி இருந்த சின்ன வீடு ஒன்றில் குடியேறினேன். எங்கள் ஊரில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கப் போவேன். கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கடந்து அந்த மணல் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஹோர்னின் ரப்பர்க் குண்டை இரண்டு தரம் அமுக்குவேன். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் ஓடி வரும், அவர்களுக்கு முன்னால் என் மகள் வருவாள். அவளை முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடி வரை போய்த் திரும்புவேன். ஆடாமல் அசையாமல், காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சு இல்லை. அந்த எஞ்சின் போட்ட சத்தத்தில் பேசினாலும் கேட்டிருக்காது.

அவள் ஓடி வருவது என்னைப் பார்க்கவா, காரைப் பார்க்கவா? இந்தப் புழு எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பெரியம்மா தலை வாரிவிடுகிறாள், பெரியப்பா தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறார். கிழமைக்கு ஒரு தரம் வந்து போகிற நான் யார்? காரை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கார் ஓட வேண்டும். எப்பாடு பட்டாவது ஓட வேண்டும்.

இந்த வேலையில் எனக்குத் துணையாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காத்தான்குடியில் சாரம் நெய்யும் தறிகள் போட்டிருந்த வியாபாரி. அவரிடமும் என் கார் போலவே ஒரு கார் இருந்தது. அதன் எஞ்சின் இறுகிப்போய், பின் ஆசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி என் காருக்குக் கொண்டுவந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். மற்றவர் எங்கள் தெருக்கோடியில் மரவேலை செய்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. கார் என்றால் பைத்தியம், அவ்வளவுதான். எல்லோரும் அவருக்கு "மேன்".

வெள்ளிக்கிழமை காக்காவுக்குப் பள்ளிவாசல். ஞாயிறு காலை பறங்கியருக்கு மாதா கோயில். மூன்று பேருக்கும் வாய்த்தது சனிக்கிழமைப் பின்னேரம். என் வீட்டுக்குப் பின்னால் கிடுகால் வேய்ந்த கொட்டிலில் கூடுவோம். காக்காவுக்கு எதையும் கழற்றப் பிடிக்காது. மரக்குச்சி ஒன்றின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பறங்கியருக்கோ எதையும் கழற்றாமல் இருக்க முடியாது.

"திறந்து பாக்காம என்ன தெரியும் மேன்? உள்ளுக்க என்ன இருக்கெண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும்."

"ஆண்டவன் பாத்துக்கிட்டா போதும், நீ பாக்கத் தேவல்ல. போன கிழம நீ கழட்டிப் பூட்டினதில மூணு ஆணி மிச்சம் கிடக்கு."

"மிச்சம் இருந்தாத் தேவையில்லாத ஆணி மேன்!"

நடுவில் நான் இரண்டு பேர் மேலும் எரிந்து விழுவேன். அவர்கள் சட்டை செய்ததில்லை. "ஒனக்கு என்ன தம்பி, கோவிச்சிக்கிட்டு ஊட்டுக்குள்ள போயிடுவா. நான் கோவிச்சா எங்க போற? நானும் பொண்டாட்டி ஊட்டுலதான் கிடக்கன். அவள் வெரட்டினா இந்தக் கொட்டில்தான் எனக்கும்" என்று காக்கா சிரிப்பார். அவர்களுடைய ஊரிலும் எங்கள் வழக்கம்தான்.

வெயில் சாய்ந்ததும் மண்ணெண்ணெயும் மணலும் போட்டுக் கை கழுவிவிட்டு இருவரும் கிளம்புவார்கள். காக்காவின் வீட்டில் பிள்ளைகள் கூட்டம். பறங்கியரின் வீட்டில் எப்போதும் யாராவது பாடிக்கொண்டிருப்பார்கள். நான் தனியே போய் மத்தியானச் சோற்றை எடுத்து வைப்பேன். சில நாள் சாப்பிடப் பிடிக்காமல் கொட்டிலுக்குத் திரும்பி வந்து, ஓடாத காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். தாங்க முடியாத தனிமை அது. இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

யுத்தம் வந்ததும் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பனுக்குக் கிடைத்தது எஞ்சினைச் சூடாக்கத்தான் காணும். சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பின்னால் கரும்புகை வரும், அதில் பாதி காருக்குள்ளேயே வரும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம், டயருக்கு என்ன செய்வது? டியூப்புகள் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டுக் கிழிந்து முடிந்தன. புதிதாக ஒன்று வாங்க இலங்கை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

"மாட்டு வண்டிச் சில்லுக்குக் காத்தா அடிக்கிறாங்க?" என்றார் காக்கா ஒரு சனிக்கிழமை.

அவர் சொன்னது வைக்கோலை. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையிலிருந்து, அறுவடை முடிந்த வயலிலிருந்தே, ஒரு வண்டி வைக்கோல் தருவித்தார். அதைக் கயிறாக முறுக்கி டயருக்குள் திணித்து, பறங்கியரின் கொட்டாப்புளியால் அடித்து இறுக்கினோம். மூன்று பேருக்கும் உடம்பெல்லாம் ஒரே சொறி. கார் மாட்டு வண்டி மாதிரித்தான் போனது, தலையில் வைத்த தொப்பி குதித்துக் குதித்து விழுந்தது. என்றாலும் போனது. நாலைந்து ஞாயிறு அந்த வைக்கோல் சில்லில் போய் என் பிள்ளையைப் பார்த்தேன்.

பிறகு மார்கழி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டுக்கு மேலே வெள்ளம் பாய்ந்தது. கார் கொட்டிலில் நின்றது, கொட்டில் ஒழுகியது. மழை விட்ட சனிக்கிழமை மூவரும் போய்ப் பார்த்தால், முன் டயரின் வெடிப்பிலிருந்து பச்சைப் பசேலென்று ஒரு கொத்து எட்டிப் பார்க்கிறது. குனிந்து பார்த்தோம். நெல்லு! சூடடித்தும் உதிராமல் வைக்கோலில் ஒட்டியிருந்த மணிகள் ஈரத்தில் முளைவிட்டிருந்தன.

காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "றப்பே! தம்பி, வரம்பு கட்டுவமா? தண்ணி பாய்ச்சினா தைக்கு வெட்டலாம்."

பறங்கியர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறித் தூணைப் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். மனைவி போன பிறகு வயிறு நோகச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர்கள் போன பிறகு அந்த முளைகளைப் பிடுங்கி எறியும்போது அழுகை வந்தது. உள்ளே வைக்கோல் முழுக்க ஊறி உக்கிவிட்டது, நாளைக்குக் கார் இல்லாமல் போக வேண்டுமே.

பஸ்ஸில் போனேன். மகள் வாசல் படலைக்கு வந்து, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள்.

"கார் வரல்லியா அப்பா?"

"இல்ல மகள். டயர்ல நெல்லு முளைச்சிட்டு."

அவள் சிரித்தாள். அன்று முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் என் மண்டைக்குள் இருந்தது அவள் ரோட்டைப் பார்த்த பார்வை மட்டும்தான். கார் வரவில்லையே என்று பிள்ளை ஏங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது மச்சாள் வாசலில் வைத்து ஒரு கதை சொன்னாள்.

"ஏசாதீங்க. அவள் வளந்துட்டாள். இனித் தை பிறந்த பிறகு பொம்பிளப்புள்ளய ரோட்டால காரில வெச்சித் திரியிறது சரியில்ல. ஊர் நாலு கதை கதைக்கும். அதுக்கு முன்னம் ஒருக்காக் கூட்டிப் போறதெண்டாப் போங்க."

எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஆனால் யாரிடம் கோபிப்பது? அவள் சொன்னது ஊர் வழக்கம். பிள்ளையும் அவர்கள் குடிப்பிள்ளை. "வாற ஞாயிறு வருவன், காரோட" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் நண்பர்கள் இருவரும் பகிடி பேசவில்லை. சனிக்கிழமை வரை காத்திருக்கவும் இல்லை. அந்தக் கிழமை எல்லாப் பின்னேரமும் வந்தார்கள். வைக்கோல் வேண்டாம், தென்னந்தும்பு அடைப்போம் என்று தீர்மானித்தோம். தும்பு முளைக்காது. ஆனால் ஈரத்தில் உக்கிப்போனால்? அதற்கு வழி பறங்கியர் சொன்னார்: பழைய எஞ்சின் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து, அதில் தும்பை ஊற வைத்துத் திணித்தால் தண்ணீர் அண்டாது, கறையானும் அண்டாது. காக்கா மணந்து பார்த்துவிட்டு, "இது சரி" என்றார். நானும் சரி என்றேன். மரத்தையும் நூலையும் கடதாசியையும் கட்டி மேய்க்கிற மூன்று பேர், எங்களில் ஒருவனுக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டாமா? நெல் முளைத்த பயத்தில் எங்களுக்குத் தண்ணீர் ஒன்றுதான் எதிரியாகத் தெரிந்தது.

ஞாயிறு விடிந்ததும் மூவருமாகப் புறப்பட்டோம். வழியில் நின்றுவிட்டால் தள்ள ஆள் வேண்டும் என்று அவர்களே வந்து ஏறிக்கொண்டார்கள். "கோயிலுக்குப் போகல்லியா?" என்று பறங்கியரைக் கேட்டேன். "மாதாவுக்கும் ஒரு பிள்ளை இருந்தது மேன், விளங்கிக்கொள்ளுவா" என்றார். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது கார் ராசா மாதிரி ஓடியது. காத்தான்குடியில் காக்காவுக்குத் தெரிந்தவர்கள் கடைகளிலிருந்து கை காட்டினார்கள். அவரும் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவர் போலக் கை காட்டினார்.

ஆரையம்பதி கழிந்து கொஞ்சத் தூரம் போனதும் ஏதோ கருகும் வாசம் வந்தது. மண்ணெண்ணெய் நாற்றத்தோடு பழகிப்போனவன், நான் கவனிக்கவில்லை. தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த மனுசி ஒருத்தி கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, சில்லுப் பத்துது!" என்று கத்தினாள்.

இறங்கிப் பார்த்தால் பின் சில்லு புகைந்து கொண்டிருந்தது. வெறும் டயரில் தும்பு உராய்ந்து உராய்ந்து சூடேறி, ஊற வைத்த எண்ணெய் பற்றிக்கொண்டுவிட்டது. தும்பு போதாதென்று அதற்கு எண்ணெயும் ஊற்றி, நாங்களே பந்தம் கட்டி வைத்திருக்கிறோம்! பறங்கியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாவிக்கு ஓடினார். காக்கா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணை வாரி வாரி எறிந்தார். நான் வெறுங்கையால் டயரை இழுத்தேன், கை வெந்தது. நெருப்பு அணையும்போது டயரும் இல்லை, சில்லின் மரக் கட்டைகளும் கரியாகிவிட்டன.

நான் ரோட்டோரம் குந்தி வாய்க்கு வந்தபடி ஏசினேன். காரை ஏசினேன், யுத்தத்தை ஏசினேன், அவர்கள் இருவரையும் ஏசினேன். கடைசியில் காக்கா என் தோளைப் பிடித்து எழுப்பினார்.

"காணும், எழும்பு தம்பி. புள்ள பாத்துக்கிட்டு நிக்கும். நீ நட. நாங்க இதுக்குக் காவல் நிக்கிறம்."

"கார் இல்லாமப் போய் என்ன செய்யிற, காக்கா?"

"போ எண்டா போ!" என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தரம்தான்.

நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டி மறுபடியும் ரோட்டைப் பார்ப்பாளே, அதை எப்படித் தாங்குவது?

மகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு படலையில் நின்றாள். என் கரி பிடித்த கையையும் முகத்தையும் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"கார் நெருப்புப் பத்திப் போச்சி, மகள்" என்றேன். "இண்டைக்கு வராது."

"இனி ஒரு நாளும் வராதா?"

"வராது போலதான்."

அவள் பெரிய மூச்சு ஒன்று விட்டாள். உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"நான் ஒண்டு சொன்னா ஏசமாட்டீங்களே அப்பா?"

"சொல்லு மனே."

"எனக்குக் காரில ஏறினாச் சத்தி வரும்."

வாந்தியா? எனக்கு விளங்கவில்லை. "எப்ப வந்த?"

"எப்பவும்தான். நீங்க போற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பன். போன பிறகு எடுப்பன்."

குசினி வாசலில் நின்ற மச்சாள், "ஓம், ஞாயித்துக்கிழமை அந்திக்கு அவளுக்குச் சோறு இல்ல. படுத்தாளெண்டா விடியத்தான் எழும்புவாள்" என்றாள். "உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு தலையில அடிச்சிச் சத்தியம் வாங்கிப்போட்டாள். நானும் எப்பிடியாவது இதை நிப்பாட்ட வேணுமெண்டுதான் ஊர் கதைக்கும் எண்டு சொன்னன்."

நான் செம்பைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மனே எனக்குச் சொல்லல்ல?"

"கார் வேணாமெண்டு சொன்னா, நீங்களும் வராம விட்டுட்டா?"

அன்று பின்னேரம் இருவரும் வாவிக்கரை வரை நடந்து போனோம். போகும்போதும் வரும்போதும் அவள் பேசிக்கொண்டே வந்தாள்: பள்ளிக்கூடம், பெரியம்மாவின் ஆட்டுக்குட்டி, தனக்குப் பிடிக்காத கறி. எனக்கு அதில் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. பொழுது சாய முன் அவளைப் படலையில் விட்டேன். வீட்டுக்குள் விளக்கு ஏற்றினார்கள். நான் வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரோட்டுக்கு நடந்தேன்.

அந்தக் காரில் எந்த மூலையில் எந்தச் சத்தம் வந்தாலும் அதற்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பிள்ளை கிழமைக்கு ஒரு தரம் வாந்தி எடுத்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தது எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் நானும் இருந்திருந்தால் முதல் ஞாயிறே தெரிந்திருக்கும்.